ஐந்து கியர் டீசல் பிக்கப்பும் கியர் வெண்டர்ஸ் ஓவர்டிரைவும்

என் வண்டி 1997 டாட்ஜ் ராம் 2500. கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல், 12 வால்வு, ஐந்து கியர் மேனுவல், ஃபோர் வீல் டிரைவ், ஆக்சில் விகிதம் 4.10, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 சுற்றுச் சுற்ற வேண்டும். கொலராடோ மாநிலத்தின் தெற்கே சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் அல்ஃபால்ஃபா நன்றாக விளையும். நம்ம ஊர்க் குதிரைமசால்தான். அதைக் கட்டுக்கட்டாக டிரெய்லரில் ஏற்றி, டென்வரைச் சுற்றிக் குதிரை வளர்ப்பவர்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் பக்கத் தொழில். வார நாட்களில் வேறு வேலை. வண்டி, டிரெய்லர், மூன்று டன் தீவனம் எல்லாம் சேர்ந்தால் 16,000 பவுண்டு, அதாவது ஏழேகால் டன். இந்த எடையோடு பத்தாயிரம் அடி உயரக் கணவாயைத் தாண்டும் வண்டிக்கு நான் வாங்கி மாட்டியது கியர் வெண்டர்ஸ் ஓவர்டிரைவ். இருக்கும் கியர்களுக்கு நடுவே கூடுதல் படிகள் தரும் துணைக் கியர் பெட்டி அது.

விலை மூவாயிரம் டாலருக்கு மேல். இவ்வளவு பழைய பிக்கப்புக்கு இது சின்னத் தொகை இல்லை. டீசல் மிச்சமாகும் என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அந்தக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். ஐந்து கியர் வண்டியில் லோடு ஏற்றி மேடு ஏறுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். இதை விற்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் முதல் காரணத்தைத்தான் பேசுகிறார்கள். இரண்டாவதுதான் இதன் உண்மையான பலம்.

இது புரிய வேண்டுமானால் என்ஜினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் வண்டியிலிருக்கும் கம்மின்ஸுக்குக் கம்பெனி சொல்லும் உச்ச டார்க், அதாவது முறுக்கு விசை, 440 பவுண்டு-அடி, 1,600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,600 சுற்றில்). உச்ச சக்தி 215 குதிரைத்திறன், 2,600 ஆர்பிஎம்மில். அதற்கு மேல் போனால், என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும். ஆக, இந்த என்ஜின் லோடோடு உருப்படியாக வேலை செய்யும் இடம் 1,600-க்கும் 2,600-க்கும் நடுவில் உள்ள ஆயிரம் சுற்றுகள் மட்டுமே. ஐயாயிரம் வரை சுற்றும் பெட்ரோல் என்ஜினிலிருந்து வருகிறவர்களுக்கு இது எவ்வளவு குறுகிய இடம் என்று முதலில் உறைக்காது.

டீசல்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: "1,600-லதான் முழு டார்க்கும் இருக்கே, அங்கேயே வைத்து இழுத்தால் போதும்." மேட்டில் இது எடுபடாது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். 440-ஐயும் 1,600-ஐயும் போட்டுப் பாருங்கள், 134 வரும். 100 அடிக்கு 6 அடி ஏறும் சாலையில் 16,000 பவுண்டை 40 மைல் வேகத்தில் இழுக்க, ஏற்றத்துக்கு மட்டுமே நூறு குதிரைத்திறன் சக்கரத்தில் வேண்டும். டயர் உருளும் தடை, காற்று, கியரிலும் ஆக்சிலிலும் போகும் நஷ்டம் எல்லாம் சேர்த்தால் என்ஜின் 160 வாக்கில் கொடுத்தாக வேண்டும். 1,600-ல் இருப்பது 134. மீதி எங்கிருந்து வரும்? வராது. வேகம் குறையும், ஆர்பிஎம்மும் கூடவே இறங்கும், டர்போ தரும் காற்றழுத்தம் விழும். புகைச் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் முள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். டர்போவுக்கு முன்னால் அளக்கும் புகைச் சூட்டுக்கு 1,250 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எல்லை வைத்து ஓட்டுவது இந்த என்ஜின்காரர்களின் வழக்கம். பத்தாயிரம் அடியில், மெல்லிய காற்றில், திணறும் என்ஜினை மிதித்தால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

அதனால் ஆக்சில் விகிதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எந்த வேலைக்கு எந்த ஆர்பிஎம் வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. எனக்கு வெறும் வண்டி சமவெளியில் 1,700-லிருந்து 1,900-க்குள் ஓடினால் போதும். லோடோடு சமவெளி என்றால் 2,000-லிருந்து 2,300. ஏற்றத்தில் 2,200-லிருந்து 2,500. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது 1,600-க்குக் கீழே விடவே கூடாது. இவை இந்த என்ஜினுக்கான எண்கள். உங்கள் என்ஜினுக்கு வேறாக இருக்கும், ஆனால் இப்படி நான்கு எண்கள் கட்டாயம் உண்டு.

இனி கணக்கு. டயர் கம்பெனிகள் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று போட்டிருப்பார்கள். என்னுடையது 245/75 ஆர்16, மைலுக்குச் சுமார் 680 சுற்று. வேகத்தை அதனால் பெருக்கி, ஆக்சில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் என்ஜின் ஆர்பிஎம். கிலோமீட்டரில் போடுகிறவர்கள் 680-க்குப் பதில் 423 என்று வைத்துக்கொள்ளலாம். என் வண்டி ஐந்தாவது கியரில், 0.75 விகிதத்தில், 65 மைல் வேகத்தில் போனால் 2,265 வரும். அந்தக் காலத்து ராமில் ஆக்சிலுக்குப் பொதுவாக இரண்டு விகிதங்கள்: 3.54, 4.10. இதே வண்டிக்கு 3.54 இருந்தால் 65 மைலில் 1,956. பழைய டாட்ஜ் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எதை எடுக்கலாம், 3.54-ஆ 4.10-ஆ?"

வெறும் வண்டியில் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு 3.54, டிரெய்லர் இழுப்பவருக்கு 4.10 என்று வழக்கமாகப் பதில் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் முழுப் பதிலும் இல்லை. என் வண்டியில் இருப்பது என்வி4500 கியர் பாக்ஸ். விகிதங்கள் 5.61, 3.04, 1.67, 1.00, 0.75. மூன்றாவதையும் நான்காவதையும் பாருங்கள். 1.67-லிருந்து நேராக 1.00. மூன்றாவதில் 2,600 வரை முறுக்கிவிட்டு நான்காவதைப் போட்டால் என்ஜின் 1,560-க்கு வந்து விழும். அதுவும் கிளட்சை மிதித்து விடுவதற்குள் வண்டி வேகம் இழக்காவிட்டால். ஏழு டன்னோடு மேட்டில் வேகம் இழக்காமல் இருக்குமா?

மைலில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 4.10 ஆக்சிலில் மூன்றாவது கியர் 33 மைலுக்கு மேல் போகாது, கவர்னர் பிடித்துவிடும். நான்காவது கியரில் 1,600-ஐத் தொடவே 34 மைல் வேண்டும், சுகமாக இழுக்க 45 மைலாவது வேண்டும். அப்படியானால் 33-க்கும் 45-க்கும் நடுவில் இந்த வண்டிக்குச் சரியான கியரே இல்லை. மலைச் சாலையில் லோடு வண்டிகள் போகும் வேகமோ சரியாக அதற்குள்தான். மூன்றாவதில் போட்டால் என்ஜின் கத்துகிறது, வேகம் 33-லேயே நிற்கிறது, பின்னால் வரிசை கட்டி நிற்பவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். நான்காவதில் போட்டால் திணறித் திணறி 33-க்கே இறங்கி வந்து, மறுபடியும் மூன்றாவது.

சரி, 3.54 ஆக்சில் இருந்திருந்தால்? மூன்றாவது 38 மைல் வரை போகும், நான்காவது 40 மைலில்தான் 1,600-ஐத் தொடும். இடைவெளி அப்படியே இருக்கிறது, ஐந்து மைல் மேலே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏணியைச் சுவரில் சற்று மேலே தூக்கிச் சாத்தலாம், கீழே இறக்கியும் சாத்தலாம். படிகளுக்கு இடையில் உள்ள தூரம் அதனால் மாறாது. பெரிய டயர் மாட்டினாலும் இதே கதைதான். 245-க்குப் பதில் 265/75 ஆர்16 போட்டால் சுற்றளவு நூற்றுக்கு நான்கு கூடும், 4.10 ஏறக்குறைய 3.95 ஆனதுபோல் நடந்துகொள்ளும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். படி இடைவெளி மாறாது.

இந்த கியர் பாக்ஸைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முழுக்க வார்ப்பிரும்புக் கூடு, நல்ல உழைப்பாளி. பெட்ரோல் என்ஜின் பிக்கப்புகளுக்கும் இதே கியர் பாக்ஸைத்தான் போட்டார்கள். பெட்ரோல் என்ஜினுக்கு வேலை செய்யும் இடம் அகலம், 1.67-லிருந்து 1.00-க்குத் தாவுவது ஒரு பொருட்டே இல்லை. டீசலின் ஆயிரம் சுற்றுக்குள் அதே தாவல் இடிக்கிறது. ஒரு கியர் விகிதத்தை அதற்கு முந்தைய கியர் விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். என் என்ஜினுக்கு 1,600-ஐ 2,600-ஆல் வகுத்தால் 0.615 வருகிறது. வகுத்த விடை இதற்குக் கீழே போனால் அந்த இடத்தில் என்ஜின் திணறும். மூன்றிலிருந்து நான்கு 0.6. இரண்டிலிருந்து மூன்று 0.55, இன்னும் மோசம். ஆனால் அந்த வேகத்தில் லோடு வண்டி அதிக நேரம் இருப்பதில்லை என்பதால் வலி தெரியாது.

இப்போது பொருளுக்கு வருகிறேன். கியர் வெண்டர்ஸ் கலிஃபோர்னியாவில் எல் கஹோன் ஊர்க் கம்பெனி. இங்கிலாந்தில் லேகாக் நிறுவனம் செய்த டி நார்மன்வில் ஓவர்டிரைவின் வாரிசு இது. அந்தக் காலத்து ட்ரையம்ஃப், எம்ஜி, வால்வோ கார்களில் இருந்ததன் பெரிய தம்பி. உள்ளே ஒரு பிளானட்டரி கியர் தொகுதி, கூம்பு வடிவக் கிளட்ச் ஒன்று, அதை அழுத்தத் தனி ஹைட்ராலிக் பம்ப். ஸ்விட்சைப் போட்டால் விகிதம் 1.00-லிருந்து 0.778 ஆகும். அதாவது அதே வேகத்துக்கு என்ஜின் 22 சதவீதம் மெதுவாகச் சுற்றும். மாற்றுவதற்குக் கிளட்ச் மிதிக்க வேண்டாம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவும் வேண்டாம். இடது காலருகில் தரையில் பொத்தான் வைத்துக்கொள்ளலாம், பழைய அமெரிக்க வண்டிகளில் ஹெட்லைட் டிம் செய்யக் காலால் மிதிப்பார்களே, அந்த மாதிரி.

டூ வீல் டிரைவ் வண்டியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் உட்காரும். என்னுடையது ஃபோர் வீல், ஆகவே சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால். பின் புரொப்பல்லர் ஷாஃப்டை அந்த நீளத்துக்கு வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் செய்ய வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பட்டறையாகப் பாருங்கள். நான் முதலில் கொடுத்த இடத்தில் வெட்டிப் பற்றவைத்தார்கள், பேலன்ஸ் சரியில்லை. 55 மைலில் வண்டி உதறியது, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோனால், ஓவர்டிரைவில்தான் கோளாறு என்று சாதித்தார்கள். வேறு பட்டறையில் ஷாஃப்டை மட்டும் கழற்றிச் சுழலவிட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் கனம் என்று தெரிந்தது. அரை மணி வேலை. முதல் பட்டறைக்காரர் இன்னும் காசைத் திருப்பித் தரவில்லை.

மாட்டியபின் ஏணி இப்படி ஆனது (ஓவர் என்றால் அந்தக் கியரோடு ஓவர்டிரைவும் போட்டது). இரண்டாவது 3.04, இரண்டாவது ஓவர் 2.36, மூன்றாவது 1.67, மூன்றாவது ஓவர் 1.30, நான்காவது 1.00, நான்காவது ஓவர் 0.78, ஐந்தாவது 0.75, ஐந்தாவது ஓவர் 0.58. முதல் கியரில் ஓவர்டிரைவுக்கு வேலை இல்லை. நான்காவது ஓவரும் ஐந்தாவதும் கிட்டத்தட்ட ஒரே விகிதம், அங்கே ஒன்று வீண்போலத் தெரியும். அதற்கும் ஒரு பயன் உண்டு, பிறகு சொல்கிறேன். இதில் பொன்போன்ற படி அந்த 1.30. 40 மைலில் 2,400 ஆர்பிஎம். முன்னால் இல்லாத கியர், வேண்டிய இடத்தில் வேண்டிய எண்ணோடு.

என் வழி 285-ஆம் நெடுஞ்சாலை. பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே வந்தால் முதலில் போன்ச்சா கணவாய், 9,010 அடி. தெற்கிலிருந்து ஏறுவது தெரியவே தெரியாது, வடக்கே இறங்குவதுதான் சுருக்கமும் செங்குத்தும். பிறகு ட்ரௌட் க்ரீக் கணவாய். இது நீண்ட நிதானமான ஏற்றம், நான்காவது கியரில் 45-50 மைலில் போய்விடலாம். ஆனால் முன்னால் ஒரு மோட்டார் ஹோம் 38 மைலில் ஊர்ந்துகொண்டிருந்தால் நம் நான்காவது கியர் செத்தது. இங்கேதான் ஓவர்டிரைவ் முதல் முறை தன் காசுக்கு வேலை செய்தது. மூன்றாவதைப் போட்டு, காலால் பொத்தானை அழுத்தி, 2,300-ல் அந்த மோட்டார் ஹோம் பின்னாலேயே பொறுமையாகப் போனேன். பைரோமீட்டர் ஆயிரத்துச் சொச்சத்தில் அசையாமல் நின்றது. வழி கிடைத்ததும் நான்காவது. 1.30-லிருந்து 1.00-க்குப் போகும்போது கை கியரை மாற்றும் நேரத்திலேயே ஓவர்டிரைவையும் நீக்க வேண்டும். சில நாளில் பழகிவிடும்.

கணவாய் தாண்டினால் சவுத் பார்க் என்னும் மேட்டுச் சமவெளி. ஃபேர்ப்ளே ஊரே பத்தாயிரம் அடிக்கு ஐம்பதடிதான் குறைவு. எதிர்க்காற்று பிடித்துத் தள்ளும். விளம்பரங்களில் பெருமையாகப் பேசப்படும் ஐந்தாவது ஓவரை இங்கே போட்டுப் பார்க்கலாம். 65 மைலில் 1,760 ஆர்பிஎம், வண்டிக்குள் சாதாரணமாகப் பேசலாம். லோடு இருந்தால் நான் போடுவதில்லை. வெறும் வண்டியில் திரும்பும்போது போடுவேன். லோடோடு எதிர்க்காற்றில் 1,760 என்றால், சமவெளியே ஆனாலும் என்ஜின் மேடு ஏறுவதுபோல் மூச்சு வாங்கும்.

லோடோடு இருக்கும்போது நான் ஐந்தாவதையே போடாமல் நான்காவது ஓவரில் போகிறேன். 65 மைலில் 2,350. காரணம் உண்டு. என்வி4500 வைத்திருக்கும் டீசல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மெயின் ஷாஃப்டின் கடைசியில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட்டு. குறைந்த ஆர்பிஎம்மில், கனத்த லோடில், ஐந்தாவதில் இழுத்துக்கொண்டே இருந்தால் என்ஜினின் அதிர்வில் அது தளரக்கூடும். தளர்ந்தால் கியர் தன் பல்வரிசையிலிருந்து நகர்ந்து ஐந்தாவது இல்லாமலே போகும். நான்காவது நேர் இணைப்பு, சக்தி ஷாஃப்ட் வழியே நேராகப் போகிறது, பல்லுக்குப் பல் சுமை இல்லை. ஆகவே ஐந்தாவதின் வேலையை ஓவர்டிரைவிடம் கொடுத்துவிட்டு ஐந்தாவதை வெறும் வண்டிக்கு வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வீண் என்று சொன்ன அந்தப் படியின் பயன் இதுதான்.

அடுத்து கெனோஷா, சரியாகப் பத்தாயிரம் அடி. இந்தப் பக்கம் ஏற்றம் கொஞ்சம், அந்தப் பக்கம் இறக்கம் நீளம். இறக்கத்தில், புகை போகும் வழியை அடைத்து என்ஜினாலேயே வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்தான் துணை. என் வண்டியில் அதற்காகக் கெட்டி வால்வு ஸ்பிரிங்குகள் போட்டிருக்கிறது, புகையை அடைக்கும்போது அழுத்தத்தில் வால்வு திறந்துவிடாமலிருக்க. எக்ஸாஸ்ட் பிரேக்கின் பலம் ஆர்பிஎம்மைப் பொறுத்தது. 1,850-ல் பாதிப் பிடிதான், 2,400-ல் நன்றாகப் பிடிக்கும். 40 மைலில் இறங்க வேண்டுமென்றால் நான்காவது கியர் 1,860-ஐத்தான் கொடுக்கும், மூன்றாவது கியர் 3,100-க்குப் போய் என்ஜினைக் கொன்றுவிடும். மூன்றாவது ஓவர் 2,400. மேலே ஏறும்போது எந்த எண் பிடித்ததோ அதே எண் கீழே இறங்கும்போதும். அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, ஏறின கியரிலேயே இறங்குடா என்பார். அவருக்கு ஆர்பிஎம் காட்டும் டகோமீட்டரும் கிடையாது, எக்ஸாஸ்ட் பிரேக்கும் கிடையாது.

பெய்லி தாண்டி க்ரோ ஹில் ஏற்றம் மட்டும் இன்னும் மூன்றாவது கியர்தான். அங்கே ஓவர்டிரைவால் ஒன்றும் ஆகாது, இந்த எடைக்கு அவ்வளவுதான் குதிரைத்திறன்.

பிடிக்காதவையும் உண்டு. ஃபோர் வீல் டிரைவில் இருக்கும்போது இதைப் போடவே கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருப்பதால் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் விகிதம் மாறும், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், எதையாவது உடைக்கும். குளிர்காலத்தில் கெனோஷாவில் பனி கொட்டும்போது, அதாவது இடைக் கியர் மிகவும் வேண்டிய நேரத்தில், அது கிடையாது. ரிவர்ஸிலும் ஆகாது. வண்டியை வேறு யாருக்காவது ஓட்டக் கொடுத்தால் இந்த இரண்டையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். நான் டாஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும், மைத்துனர் வரும்போது சாக்குச் சொல்லக் கூடாது என்று. இன்னொன்று, இதற்குத் தனி ஆயில். எப்போது மாற்ற வேண்டும் என்று ஞாபகம் வைக்க வேண்டிய பட்டியலில் ஒன்று கூடிவிட்டது.

டீசல் கணக்கு சொல்வதாகச் சொன்னேன். வெறும் வண்டியில் கேலனுக்கு 17 மைல் கொடுத்தது ஐந்தாவது ஓவரில் பதினெட்டரை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், எனக்கும் அந்த வாக்கில்தான் வருகிறது. வருடம் 10,000 மைல் வெறும் வண்டியாக ஓடினால் மிச்சம் 48 கேலன். கேலன் நான்கு டாலர் என்றால் வருடத்துக்கு 190 டாலர். மூவாயிரத்தை எடுக்க ஏறக்குறைய பதினாறு வருடம் ஆகும், மாட்டுக்கூலி, ஷாஃப்ட் வேலை சேர்க்காமல். லோடு வண்டியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிய வேண்டிய காரணமும் இல்லை. ஏற்றத்துக்கு வேண்டிய சக்தி எந்தக் கியரிலும் ஒன்றுதானே.

மாற்று வழி ஆக்சில் மாற்றுவது. 4.10-லிருந்து 3.54-க்கு இறங்க ஃபோர் வீல் வண்டியில் முன்னும் பின்னும் ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஜோடிகள், அதாவது இரண்டு கிரவுன் பினியன் வேண்டும், பேரிங், செட்டிங் கூலி எல்லாம் சேர்த்தால் ஓவர்டிரைவ் விலையில் பெரும் பகுதி போய்விடும். அதற்குக் கிடைப்பது நெடுஞ்சாலையில் 300 ஆர்பிஎம் குறைவு மட்டும். கிளம்பும்போதும் மேட்டிலும் இழுவையை இழக்கிறோம், நடு இடைவெளி அப்படியே. செட்டிங் சரியில்லாவிட்டால் ஊளைச் சத்தம் வாழ்நாள் முழுக்க. லோடு இழுக்கும் வண்டியில் 4.10 இருந்தால் அதைத் தொடாமல், பின்னால் ஓவர்டிரைவ் சேர்ப்பதே மேல் என்பேன். 3.54 ஆக்சில் வண்டிக்கு ஓவர்டிரைவ் மாட்டினால் ஐந்தாவது ஓவர் 65 மைலில் 1,520 ஆகிவிடும். 75, 80 மைலில் வெறும் வண்டியாகப் பாலைவனம் தாண்டுகிறவருக்குத்தான் அது உதவும். மேட்டில் மூன்றாவது ஓவர் அப்போதும் உதவும், அதற்காக மட்டும் வாங்கலாமா என்றால், உங்கள் வழியில் எவ்வளவு மேடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களுக்கு அவசரமே இல்லை, 1.45-லிருந்து 1.00-க்கு வரும் தாவலை என்ஜின் தாங்கும், கீழே இருப்பதை டார்க் கன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

புது வண்டி வாங்குபவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஃபோர்டு 2020 மாடலிலிருந்து பெரிய பிக்கப்புகளில் பத்து கியர் ஆட்டோமேட்டிக் கொடுத்தது. 2025 ராமில் 6.7 லிட்டர் கம்மின்ஸுக்கு எட்டு கியர் வந்துவிட்டது. படி நெருக்கமாக இருப்பதால் ஆக்சில் விகிதத்தைப் பற்றி முன்புபோல் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அந்த வண்டியின் விலைக்கு என் மாதிரி வண்டி நாலைந்து வாங்கலாம் என்பது வேறு விஷயம்.

டெக்சஸில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருவர் இதைப் படிக்கும் முன்பே கேட்டுவிட்டார்: "அண்ணே, என் வண்டிக்கும் ஒன்று போடட்டுமா?" அவருடையது 2001 மாடல், 24 வால்வு, ஆறு கியர் மேனுவல். என்வி5600 என்னும் அந்த கியர் பாக்ஸின் விகிதங்கள் 5.63, 3.38, 2.04, 1.39, 1.00, 0.73. வகுத்துப் பாருங்கள், எல்லாம் 0.6-இல் தொடங்கி மேலே போகப் போக நெருங்கி 0.73-க்கு வந்துவிடுகிறது. எனக்கு மூவாயிரம் டாலர் செலவில் கிடைத்த 1.30-க்கு நேராக அவருக்குக் கம்பெனியே 1.39 கொடுத்திருக்கிறது. வேண்டாம் தம்பி, அந்தக் காசுக்கு எக்ஸாஸ்ட் பிரேக்கும் பைரோமீட்டரும் போடு என்றேன். பைரோமீட்டர் வாங்கிவிட்டார், பிரேக்குக்கு இன்னும் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லையாம்.